செகண்டு சாரின் பதினோரு செகண்டு

வேலூரிலிருந்து திருப்பத்தூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் செகண்டு சாரைப் போல இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். நீங்கள் இருமினால் அது எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது செகண்டு என்று சொல்லிவிடுவார். அவருடைய நிஜப் பெயர் அவர் வீட்டம்மாவுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்பட்டதில்லை.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செருப்புக்கடை மாடியில் எங்கள் ரெக்கார்டிங் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டிய ஒரு ரூம், ஒரு மைக், ஒரு லேப்டாப், அவ்வளவுதான். சர்ச் பாட்டு, பிரியாணிக் கடைக்கு ஆட்டோ விளம்பரம், தோல் ஃபேக்டரிக்கு 'கிளவுஸ் போடாமல் கை வைக்காதீர்கள்' என்ற அறிவிப்பு எல்லாம் அங்கேதான் தயாராகும். குரல் என்னுடையது. வெட்டுவதும் ஒட்டுவதும் சார்.

மற்ற எடிட்டர்கள் ஒரு வார்த்தையைத் தேட மவுஸைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் இழுத்து உயிரை வாங்குவார்கள். சார் மவுஸைத் துண்டு போட்டு மூடியே வைத்திருப்பார். ஒரு தரம் கேட்டால் போதும், நேரம் மனசில் பதிந்துவிடும். நம்பரைத் தட்டுவார். திரையில் கோடு பாய்ந்துபோய் அந்த வார்த்தையின் தலையிலேயே உட்காரும்.

ஒரு போதகர் தன் பிரசங்கத்தைக் கொண்டுவந்தார். "நடுவுல ஒரு வாட்டி இருமிட்டேன், அத எடுத்துடலாமா?"

"பதினெட்டு நிமிஷம் நாப்பத்தி நாலு செகண்டு, எடுத்துட்டேன் ஐயா. இருபத்தி ஒண்ணு பத்துல ஏப்பம் உட்டீங்க. அது இருக்கட்டுமா?"

போதகர் அதற்கப்புறம் காலையில் சாப்பிடாமல்தான் பிரசங்கம் செய்ய வந்தார் என்று கேள்வி.

பிரியாணிக் கடை பாயிடமும் இதே கதைதான். "பாய், மட்டன் ஏழாவது செகண்டுல வருது. ஆட்டோ போற வேகத்துக்கு அதுக்குள்ள தெருவே முடிஞ்சிடும். மொதல் செகண்டுக்குக் கொண்டாந்துர்றேன்."

"அப்ப கடை பேர் எப்ப சார் வரும்?"

"வாசன சொல்லிடும் பாய்."

சாயங்காலமானால் எனக்கும் நேரம் குறித்துத் தருவார். "பேரணாம்பட்டு வண்டி எடுக்க இன்னும் நாலு நிமிஷம் பத்து செகண்டு இருக்கும்மா, பேச்ச நிறுத்திட்டுக் கெளம்பு." அவரை நம்பி ஒரு நாளும் நான் பஸ்ஸை விட்டதில்லை.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா நர்ஸ். தொண்டையில் கட்டி. ஆபரேஷன் ஆனால் குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முந்தின நாள் சார் அக்காவை ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்து மைக் முன்னால் உட்காரவைத்தார். "இன்னா வேணா பேசு" என்றார். அக்கா நாலு மணி நேரம் பேசினாள். தினமும் பேசுகிற பேச்சு, யாருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு, நடுநடுவே சாருக்குத் திட்டு.

ஆபரேஷனுக்கு அப்புறம் சார் ஒரு நோட்டுப் போட்டு, எந்தப் பேச்சு எந்த நேரத்தில் என்று எழுதினார். அக்கா அதை மனப்பாடம் செய்துகொண்டாள். வீட்டில் சிலேட்டில் 1-12-40 என்று, மணி, நிமிஷம், செகண்டாக எழுதிக் காட்டுவாள். சார் அந்த நம்பரைத் தட்டுவார். 'கொஞ்சம் தண்ணி குடுங்க' என்று அக்காவின் குரல் வரும். லேப்டாப்பைத் தினமும் அவர் வீட்டுக்குத் தூக்கிப் போனது இதற்காகத்தான். ஒரு புருஷன் பெண்டாட்டி இப்படியும் குடும்பம் நடத்தினார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இனி நான் செய்த காரியம். அக்காவை ஊசி போட அழைத்துப்போக சார் மத்தியானமே கிளம்பிவிட்டார். எனக்கு அவசரமாக ஒரு ரெக்கார்டிங். லேப்டாப் இடமில்லை என்றது. பார்த்தால் அக்காவின் ஃபைல்தான் அடைத்துக்கொண்டிருந்தது. சத்தமில்லாத இடத்தையெல்லாம் தானாக வெட்டித்தள்ளும் வசதி ஒன்று அந்த சாஃப்ட்வேரில் உண்டு. என் பேச்சில் இடைவெளியே கிடையாது என்பதால் அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. பேச்சு போகாது, சும்மா கிடக்கும் இடம்தானே போகும் என்று அமுக்கிவிட்டேன். பழையதன் மேலேயே சேமித்தேன். காப்பி இல்லையா என்பீர்கள். இருந்தது, அதே லேப்டாப்பில். அதையும் நானே அழித்திருந்தேன்.

அன்று சாயங்காலம் சார் திரும்பி வந்து லேப்டாப்பை எடுத்துப்போனார். வீட்டில் அக்கா தண்ணீருக்கு நம்பர் எழுத, 'மெரூன் புடவைய தங்கச்சிக்குக் குடுத்துடுங்க' என்று வந்திருக்கிறது. அக்கா தோள் குலுங்கச் சிரித்தாளாம். மறுநாள் சார் இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் தேறியிருப்பேன். நாலு நாள் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் புது நம்பர் எழுதினார்.

நோட்டைப் பார்த்தேன். ஒரே ஒரு வரியில் மட்டும் புது நம்பர் இல்லை. 2-06-10.

"இது இன்னா சார்?"

"அங்க அவ ஒண்ணும் பேசல. நாளைக்கு அப்புறம் பேச முடியாதுன்னு அப்பதான் ஒறச்சிச்சி போல. என்னயே பாத்துட்டு இருந்தா. பதினோரு செகண்டு." நோட்டை மூடிவிட்டு, "வுடும்மா, சத்தமே இல்லாத எடம். யாரா இருந்தாலும் வெட்டத்தான் செய்வாங்க" என்றார்.

கட்டி மறுபடியும் வந்தது. போன மாதம் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். லேப்டாப் மூடிக் கிடந்தது. நாற்காலியில் சிலேட்டு. அதில் அக்காவின் கையெழுத்தில் 2-06-10.

"கடைசி நாள் எழுதிக் காட்டினா" என்றார் சார். "எதப் போடறது? நான் எதிர்ல உக்காந்து அவளயே பாத்துட்டு இருந்தேன். அவளும் பாத்தா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஒண்ணும் சொல்லாத. சும்மா உக்காரும்மா" என்றார்.

உட்கார்ந்தேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை. வெளியே வெளிச்சம் இறங்கியது. பேரணாம்பட்டு வண்டிக்கு நேரமாகி, அது போயும் விட்டது. சார் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.