‘தொடருங்கள்’ என்று எழுதப்போய்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் சம்பந்தியம்மாளும், என் மகனும், தங்கள் மகளும் சுகம். அங்கு தாங்களும் வீட்டிலும் சுகமாக இருக்கவும், தங்கள் முழங்கால் வலி வந்த வழியே திரும்பிப் போகவும் வேண்டிக்கொள்கிறேன்.

மின்விசிறிகளைப் பற்றித் தாங்கள் எழுதிவரும் வலைப்பூவில் கொஞ்ச நாளாக என் பின்னூட்டம் இல்லாதது கண்டு தாங்கள் மனம் வருந்தியிருப்பீர்கள். பெண்ணைக் கொடுத்த இடத்திலிருந்து ஒரு பாராட்டுக்கூட வரவில்லையே என்று தோன்றுவது நியாயம்தான். விசிறி இறக்கையில் ஏன் ஓர் ஓரத்தில் மட்டும் தூசி படிகிறது என்ற தங்கள் கட்டுரையில் நான் ஒரு குறையும் காணவில்லை. பின்னூட்டம் போடுவதையே விட்டுவிட்டேன், அவ்வளவுதான். ஏன் விட்டேன் என்பதைத் தங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது வழி காட்டியது தாங்கள்தான். “சம்பந்தி, எவ்வளவோ பேர் ஒக்காந்து ஒக்காந்து எழுதுறாங்க. ஈ, காக்கா எட்டிப் பாக்கறதில்ல. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா நம்ம வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?” என்றீர்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து கண்ணில் பட்ட வலைப்பூவுக்கெல்லாம் போய் ‘அருமை. தொடருங்கள்’ என்று எழுதினேன். பதிவின் முதல் வரியைப் பார்ப்பேன், கடைசி வரியைப் பார்ப்பேன். நடுவில் இருப்பதை எழுதியவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவேன். அப்படித்தான் ‘மேல்மாடிக்காரி’ என்ற பெயரில் எழுதிய ஒரு பெண்ணின் வலைப்பூவில் போய் விழுந்தேன். நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் தனியாக இருந்துகொண்டு கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். அவள் எழுத்தின் கீழ் ஒரு பின்னூட்டம்கூட இல்லை, துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வழக்கமானதைப் போட்டேன். உடனே பதில் வந்தது: ‘ஐயா, நீங்கதான் என் முதல் வாசகர். உங்களுக்காகவே இனி எழுதுவேன்.’ நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

அவளும் எழுதினாள், நானும் தொடருங்கள், தொடருங்கள் என்று போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் உங்கள் சம்பந்தியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்று நடுவில் இருப்பதையும் சேர்த்துப் படித்துவிட்டாள். “ஏங்க, இந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?” என்றாள். “அருமையாத்தான் எழுதியிருக்கு” என்றேன். “என்னத்த அருமை? படிக்கிறேன் கேளுங்க” என்று வாசித்தாள். அந்தக் கட்டடத்தைப் பழுது பார்க்கப்போவதால் மற்றவர்கள் எல்லோரும் காலி செய்து போய்விட்டார்களாம். பட்டப்பகலில், அந்தப் பெண் தைப்பதை நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தால், படிக்கட்டில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்கிறதாம். எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. முதலில் கீழே வாசலோடு நின்றது, பிறகு முதல் மாடி, பிறகு இரண்டாவது. எழுதாத நாளில் வருவதில்லை. எழுதினால் போன தடவையைவிடக் கொஞ்சம் மேலே வருகிறது. ‘இதோடு எழுதுவதை நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன்’ என்று முடித்திருந்தாள். அதற்குக் கீழே, சம்பந்தி, என் பெயரில், என் கையால்: ‘நிறுத்தாதீர்கள்! அடுத்தது எப்போது? ஆவலுடன் காத்திருக்கிறோம்.’

கட்டுக்கதையாக இருக்கும் என்று நான் இழுத்ததற்கு, “கதை எழுதுறவ இப்படிக் கையெழுத்து நடுங்குற மாதிரி எழுதுவாளா?” என்று கேட்டாள் இவள். கணினியில் கையெழுத்து எங்கே நடுங்கும்? ஆனால் இவள் சொன்னது சரியென்றே எனக்கும் பட்டது. ‘அம்மா, போதும், எழுதாதே’ என்று அவசரமாகப் பின்னூட்டம் போட்டேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ‘உங்களுக்குப் பிடிக்கவில்லையா ஐயா? மன்னிக்கவும். இன்னும் நன்றாக எழுதுகிறேன்’ என்று பதில் போட்டு, கையோடு புதிய பதிவும் போட்டுவிட்டாள். அதில் சத்தம் மூன்றாவது மாடிக்கு வந்து நின்றிருந்தது.

இனிப் பொறுக்கலாகாது என்று இருவரும் கிளம்பினோம். சன்னலுக்கு எதிரே மூடிக்கிடக்கும் நீச்சல்குளம் இருப்பதாக ஒரு பதிவில் எழுதியிருந்தாள். மீட்டர் பார்த்த காலத்தில் நான் அலைந்த தெருதான் அது. அங்கே நாலு மாடி உள்ளது ஒரே கட்டடம். மத்தியான வெயில் படிக்கட்டுச் சன்னல் வழியே விழுந்துகொண்டிருந்தது. சுவரோரம் சிமெண்டு மூட்டைகள், ஒவ்வொரு கதவிலும் கழற்றிய பெயர்ப்பலகையின் வெளிறிய தடம். முதல் மாடி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. இவள் கையிலிருந்த போனில் மேல்மாடிக்காரியின் புதுப் பதிவு வந்து விழுந்தது. ‘இன்றைக்கு வெகுநேரம் கழித்து வருகிறது. முதல் மாடியில் நிற்கிறது. மூச்சு வாங்குகிறது.’

“நம்மளைத்தாங்க எழுதுறா” என்று கிசுகிசுத்தாள் இவள். எனக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. பாவம் பெண், நம்மைப் போய்ப் பேய் என்று நினைக்கிறாளே என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் போன் மறுபடியும் அதிர்ந்தது. இவள் பார்த்தாள். என்னிடம் காட்டவில்லை. நானாக எட்டிப் பார்த்தேன். ‘இன்றைக்குத் தனியாக வரவில்லை. மூன்று பேர்.’

நாங்கள் இரண்டு பேர், சம்பந்தி.

நான் திரும்பிப் பார்க்கப் போனேன். இவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். “திரும்பாதீங்க. ஏறுங்க. பேசிக்கிட்டே ஏறுங்க” என்றாள். என்ன பேசுவது? வாயில் வந்தது தங்கள் கட்டுரைதான். விசிறி இறக்கை, தூசி, எண்ணெய் விட வேண்டிய இடம் எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தேன். நாங்கள் நின்ற பிறகும் ஒரு காலடி கூடுதலாக விழுந்தது. அது எதிரொலி என்று இவள் இன்றுவரை சொல்கிறாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கதவைத் தட்டினேன். உள்ளே தையல் இயந்திரத்தை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம். “யாரு?” என்று மெல்லிசாக ஒரு குரல். நான் யார் என்று சொல்வது? “நான்தாம்மா… ‘அருமை, தொடருங்கள்’” என்றேன். இயந்திரம் மறுபடி இழுபட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. கழுத்தில் அளவு நாடாவோடு, என் மருமகள் வயதில் ஒரு பெண். எங்களைப் பார்த்து அழுதுவிட்டாள். அழுதுகொண்டே எங்களுக்கு அப்பால் பார்த்து, “இன்னொருத்தர் உள்ள வரலையா?” என்று கேட்டாள்.

இவள் அவளைக் கட்டிப்பிடித்து, “யாரும் இல்லடி கண்ணு. துணிமணியை எடு. கேள்வியெல்லாம் அப்புறம்” என்றாள். நான் அந்த வீட்டுக் கணினியின் இணைப்பை முதல் வேலையாகப் பிடுங்கினேன். இறங்கும்போது மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு வந்தோம், ஒன்றும் கேட்கவில்லை. வாசல் தாண்டித் தெருவுக்கு வந்தபின் நான் அவளைக் கேட்டேன்: “ஏம்மா, எழுதினாத்தான் வருதுன்னு தெரியுதுல்ல? ஏன் எழுதின?” அவள் தலையைக் குனிந்துகொண்டு, “இத்தனை வருஷத்துல ஒருத்தர் எனக்காகக் காத்திருக்கேன்னு சொன்னது அதுதாங்க முதல் தடவை. அதை விட்டுட மனசு வரல” என்றாள். பிறகு, “உங்களுக்கு எந்தப் பதிவுங்க ரொம்பப் பிடிச்சது?” என்று ஆசையாகக் கேட்டாள். நான் அவசரமாக மீசையைத் தடவினேன். “மழை பெய்யறப்ப திரைத்துணி வாசனையைப் பத்தி எழுதினியே, அதுதான் இவருக்கு உசிரு” என்று இவள்தான் காப்பாற்றினாள். அன்றைக்குத்தான் அந்தப் பதிவை முழுதாகப் படித்தேன். சம்பந்தி, நிஜமாகவே அருமை.

இப்போது அவள் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். தைக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், எழுதுவதில்லை. வலைப்பூவையும் அழித்துவிட்டாள். அன்றோடு நானும் பின்னூட்டத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். எனவே என் மௌனத்தைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உறவில் விரிசல் வேண்டாம்.

தங்கள் வீட்டில் உள்ள எல்லோருக்கும் எங்கள் அன்பும், சின்னவர்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த படிப்பும் கிட்ட எங்கள் ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: தங்களிடம் சேர்க்கச் சொல்லி இதை மருமகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் விழித்தாள். “என்ன மாமா சொல்றீங்க? அப்பா ரொம்ப சந்தோஷமா இருக்காரே. தினமும் உங்க பேர்ல பின்னூட்டம் வருதாம்” என்றாள். போய்ப் பார்த்தேன். ‘அருமை. தொடருங்கள். விசிறி சுற்றும் சத்தம் இங்கே வரை கேட்கிறது’ என்று இருக்கிறது. நான் எழுதவில்லை. நேற்று, ‘தங்கள் வீடு எத்தனாவது மாடி?’ என்று கேட்டிருக்கிறது. தாங்களும் மரியாதையாக, மாடி, இடது கைப் பக்கத்துக் கதவு எல்லாம் சொல்லி, ‘தட்டவே வேண்டாம் சம்பந்தி, கதவு திறந்தேதான் இருக்கும், நேரே உள்ளே வாருங்கள்’ என்று பதில் போட்டிருக்கிறீர்கள். தங்களுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் மருமகள் இந்தக் கடிதத்தோடு இந்த நிமிஷமே கிளம்புகிறாள். தயவுசெய்து, இதைப் படித்து முடிக்கும் முன் எழுந்து போய்க் கதவைச் சாத்துங்கள்.