போஸ்ட் மாஸ்டர் வாசித்த நாலாம் பாகம்

ஒரு புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அதை முழுக்கப் படித்திருக்க வேண்டும் என்று எந்த வாசக சங்கத்திலும் சட்டம் கிடையாது. கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் நடத்திய சங்கத்தில் அது சாத்தியமும் இல்லை. அங்கத்தினர் நான்கு பேர், சென்னையிலிருந்து வி.பி.பி. தபாலில் வருவது ஒரே பிரதி. ஒருவர் படித்து முடிக்கும்வரை மற்றவர்கள் கொட்டாவி விடுவானேன் என்று, தையலைப் பிரித்துப் புத்தகத்தை நான்கு பாகமாக்கி, வாராவாரம் மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் நான்தான். (இதற்கு யாரும் எனக்குப் பதக்கம் தரவில்லை.)

பொள்ளாச்சிக்கு எல்லோரும் மாட்டு வண்டியில் போய்வந்த காலம். நான் மீசை சரியாக முளைக்காத பள்ளிக்கூட வாத்தியார். சங்கத் தலைவர் நிலக்கடலை மண்டி சின்னச்சாமி முதலாளி. அவருடைய ஒரே பெண் தங்கத்தை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "பையன் புத்தி எப்படீன்னு ஒருக்கா பாத்துப்போட்டுச் சொல்றனுங்க" என்று என் சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டியில் கடலை மூட்டைகளுக்கு நடுவே நான் உட்கார்ந்தது நாவலை அலச அல்ல, புத்தியைக் காட்ட.

வந்திருந்தது ஒரு கிராமத்துத் துப்பறியும் நாவல்; முதல் வாரம், பாகங்கள் இன்னும் கைமாறவில்லை. முதல் பாகம் படித்த முதலாளி உருகிப்போயிருந்தார்.

"அந்தப் பண்ணையாரு தங்கமான மனுசனுங்க. ஒரே பொண்ணு வேற, நம்மளாட்டவே. எப்படியும் நூறு வயசு இருப்பாரு."

இரண்டாம் பாகம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம். "எனக்கு ஒண்ணும் புடிக்கலீங்க. மொதப் பக்கத்துலயே கெணத்துலருந்து ஒரு பெரியவரப் பொணமாத் தூக்கறாங்க. ராப்பூராத் தண்ணியில கெடந்த ஒடம்பு கொஞ்சங்கூட ஊதலையாமா. எழுதுனவனுக்கு வைத்தியமே தெரியாது."

"எந்தப் பெரியவருங்க?" என்றார் முதலாளி.

கம்பவுண்டர் புரட்டிப் பார்த்துப் பெயரைச் சொன்னார். முதலாளி தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கடலை கொறிப்பதும் நின்றது.

"யாருங்க தள்ளியுட்டது?"

என் நேரம் வந்துவிட்டது. மூன்றாம் பாகம் முழுக்கப் போலீஸ் விசாரணை. பொய்ச்சாட்சிகளுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். (பரீட்சைத் தாள் திருத்தும் பழக்கம்.) ஊர் வைத்தியர்தான் கொலைகாரர் என்று மூச்சுவிடாமல் நிரூபித்தேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் முகூர்த்த நாளே தெரிந்தது.

நாலாம் பாகத்தை வைத்திருந்த போஸ்ட் மாஸ்டர் மட்டும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பக்கத்தை வாசியுங்க மாஸ்டர். நாஞ் சொன்னது சரியான்னு பாத்துரலாம்" என்றேன்.

"இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க வாத்தியாரே."

"சும்மா வாசியுங்க."

"வேண்டாமுங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"நாஞ் சொன்னதே சரியாப் போயிரும்னு பயமுங்களா?" என்றேன். புத்தி அவ்வளவு முற்றியிருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாவுத் தந்தி படிக்கிற குரலில் வாசித்தார். பண்ணையாரை மாலையில் உலாவ அழைத்துப்போய்க் கிணற்றில் தள்ளியது, சொத்துக்காக அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொண்ட மருமகன். தொழில், பள்ளிக்கூட வாத்தியார்.

முதலாளி என்னிடமிருந்து ஒரு மூட்டை தள்ளி நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே," என்றார் முதலாளி மெதுவாக, "உங்க ஊட்டுல கெணறு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"கைப்பிடிச் செவுரு?"

"இல்லீங்க."

சங்கம் அன்றே கலைந்தது. கல்யாணப் பேச்சும்தான். ஒரு வருஷம் அவருடைய வண்டி மாடுகள்கூட எங்கள் தெருவுக்குள் திரும்பவில்லை. மண்டியில் கேட்பாரற்றுக் கிடந்த நான்கு பாகங்களையும் எடுத்து, வரிசையாகப் படித்த ஒரே ஆள் தங்கம். "கதையெழுதுனவன் மேல இருக்கற கோவத்த வாத்தியார் மேல காட்டுனா எப்படிங்கப்பா?" என்று அவள் கேட்ட பிறகுதான் மனுஷர் இறங்கிவந்தார்.

ஆனால் சீர்வரிசையில் அண்டாவுக்கும் குடத்துக்கும் முன்னால் எங்கள் வீட்டில் வந்து இறங்கியவை ஒரு வண்டிச் செங்கல், ஒரு வண்டிச் சுண்ணாம்பு, இரண்டு கொத்தனார்கள். கிணற்றைச் சுற்றி மார்பளவு சுவர் எழும்பிய பிறகே முகூர்த்தக்கால் நட்டார்கள்.

இன்றைக்கும் மாமனார் வந்தால் முதலில் அந்தச் சுவரைத் தட்டிப் பார்ப்பார். "காத்தாட நடந்துட்டு வரலாமுங்களா மாமா?" என்று மரியாதைக்கு நான் கேட்டால் போதும், அடுக்களையிலிருந்து தங்கத்தின் குரல் வரும்:

"அப்பா, நாலாம் பாகம் கெளம்புதுங்க. அவர முன்னால நடக்க உடுங்க."