ஐந்தாவது கையெழுத்தும் முதுகு பிடிக்கும் நாற்காலியும்

சட்டத்தையே கைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் என் அருமை மருமகளுக்கு, துறைமுகச் சுங்க அலுவலகத்தின் முடிசூடா மன்னனும் உன் அம்மாவின் ஒரே தம்பியுமாகிய மாமா எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அத்தை, என் முதுகு மூவரும் நலம்.

"ஆயுதக் கடத்தல் விசாரணையில உங்க பேரும் அடிபடுது மாமா. அந்த நாற்காலியை வாங்குனீங்களா, இல்லையா? ஒரே வரியில சொல்லுங்க" என்று கேட்டிருந்தாய். வாங்கினேன். ஒரு வரி முடிந்தது. மீதி என் அன்பளிப்பு.

போன மாதம் 'தண்ணீர் பம்பு' என்று எழுதிய நாற்பது பெட்டிகள் நான்கு நாடுகள் தாண்டி, இங்கிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் கப்பலேற வந்து சேர்ந்தன. எங்கள் தொழிலில் பெட்டியைத் திறந்து பார்ப்பது மரியாதைக் குறைவு. முந்தைய கையெழுத்தைப் பார்ப்போம், அதை நம்பி நம்முடையதைப் போடுவோம். நானும் போட்டேன், ஐந்தாவதாக. என் கையெழுத்துதான் உனக்குத் தெரியுமே, வால் மட்டும் பக்கத்து மேசை வரை போகும். மறுவாரம் வீட்டில் நாற்காலி வந்து இறங்கியது. பொத்தானைத் தட்டினால் பதினாறு பயில்வான்கள் சேர்ந்து முதுகு பிடிப்பார்கள். "யாருங்க அனுப்புனது?" என்றாள் அத்தை. "உலக நாடுகள்" என்றேன்.

இந்தச் செவ்வாய் அடுத்த நாற்பது வந்ததா, அதில் ஒன்று கீழே விழுந்து பலகை பெயர்ந்ததா, உள்ளே வரிசையாகக் குண்டுகள். "ஏன் சார், பம்புக்கு எதுக்கு மூக்கு இவ்வளவு கூரா இருக்கு?" என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். தண்ணி வேகமா போகத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தவன், பெயர்ந்த பலகையை எடுத்துப் பெட்டியை மூடினேன். அன்று சாயங்காலம் டிவியில் கடலுக்கு அந்தப் பக்கத்துச் சண்டையைக் காட்டினார்கள். முன்சுவர் இல்லாத ஒரு வீடு. அடுப்பில் பாத்திரம் அப்படியே இருந்தது. பயில்வான்களை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் பெட்டிகளோடு வந்த காகிதத்தை முதலிலிருந்து படித்தேன். முதல் நாட்டு அதிகாரி எழுதியிருக்கிறான்: 'கடைசித் துறைமுகத்தில் திறந்து பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில்.' கடைசித் துறைமுகம் நான்தானம்மா! உன் அத்தையின் அனுமதி இல்லாமல் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காத என்னை நம்பி ஒரு யுத்தமே நடந்திருக்கிறது!

விடுவேனா? இந்த முறை கையெழுத்து இல்லை என்றேன், கிடங்கைப் பூட்டினேன், சாவியை இடுப்பில் செருகினேன். "யோவ், கப்பல் காத்துக்கிட்டு நிக்குது!" என்று மேலதிகாரி கத்தினார். "நிக்கட்டும் சார், அதுக்கென்ன காலா வலிக்கப்போகுது?" என்றேன். வேலை போகும், போகட்டும். கூண்டில் ஏறி ஐந்து பேர் குற்றத்தையும் சொல்வேன், என்னுடையதை முதலில். நாற்காலியை எடுத்துப்போக உடனே ஆள் அனுப்பு.

நீ ஜெயிக்கும் வழக்குகளின் வரிசை என் கையெழுத்தின் வாலைவிட நீளட்டும்.

இப்படிக்கு,
இனி மரப்பலகையில் மட்டுமே அமரும் மாமா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் விசாரணை அதிகாரியே நாற்காலியைப் பறிமுதல் செய்ய வந்துவிட்டார். "ஓடுதான்னு பாத்துடணும்ல?" என்று உட்கார்ந்தவர் ஒரு மணி நேரமாக எழவில்லை. இப்போதுதான் ஒரு கண்ணைத் திறந்து, "சார், இதைத் தண்ணி பம்புன்னு எழுதிக்கலாமா? நீங்க மேல ஒரு கையெழுத்து போடுங்க, அதை நம்பி நான் போடுறேன்" என்கிறார். அத்தை வயரைப் பிடுங்கப் போயிருக்கிறாள். நீ வேறொரு அதிகாரியைக் கையோடு கூட்டி வா. உட்காரத் தெரியாதவராகப் பார்த்து.