தையல் பார்த்து வாங்கிய சினிமாப் புத்தகம்

தெரியாத விஷயத்தில் கைவைத்துக் கெட்டவன் நான். ஒருமுறைதான். ஆனால் ஒழுங்காகக் கெட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஆரணியில் பட்டு நெய்துகொண்டு தனியாக இருந்தேன். தம்பி வேலூரில் கல்லூரி வாத்தியார். அவன் கல்யாணத்துக்குப் பிறகு ஆரணிக்கு வருவதில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் போட்டான். உலக சினிமா என்று புதுப் பாடம் கேட்டிருக்கிறானாம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பாடப்புத்தகத்தைக் காட்டினால்தான் பாடம் கிடைக்குமாம். சேலை கொடுக்க மெட்ராஸ் போகும்போது நல்லதாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னான்.

கடிதத்தை நான்கு முறை படித்தேன். (ஐந்தாம் வகுப்பு. ஒருமுறை படிக்கவே நேரமாகும்.) என்னைக் கேட்டிருக்கிறான்!

பழைய புத்தகக் கடைக்காரர் இரண்டு எடுத்துப் போட்டார். இரண்டும் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது பட்டு. தூக்கி எடை பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். ஒல்லிப் புத்தகத்தின் தையலை லேசாக இழுத்தேன். நான்கு தாள் கையோடு வந்தது.

"யோவ்! பொஸ்தகம் வாங்க வந்தியா, பொடவை வாங்க வந்தியா?"

"தையல் நிக்கலீங்களே."

"படிக்கிறதுக்குய்யா அது! கட்டிகினு போறதுக்கா?"

"இந்த குண்டு எப்படிங்க?"

"அதுவும் சினிமாதான். எல்லா நாடும் கீது. ஜல்தியா எட்துகினு கெளம்பு."

சேலை சுற்றும் வெள்ளைத் துணியில் அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஒருமுறை பிரித்தேன். பக்கம் முழுக்க நாற்காலி. வரிசை வரிசையாக, ஆளே இல்லாமல். வெகுநேரம் பார்த்தேன். எங்கள் வீடு மாதிரி இருந்தது. (வீட்டில் நாற்காலி ஒன்றுதான்.)

நான் கல்லூரிக்குப் போய்ச் சேரவும் கூட்டம் தொடங்கவும் சரியாக இருந்தது. தம்பி துணியோடு வாங்கிக்கொண்டு ஓடினான்.

"இருண்ணா, வந்துட்றேன்."

சாயங்காலம்வரை வாசலில் நின்றேன். வரவில்லை. (பின்வாசல் வழியாகப் போய்விட்டானாம்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு ஆரணிக்கே வந்தான். கூட்டத்தில் பிரின்சிபால்தான் துணியைப் பிரித்தாராம். நாற்காலி. பிறகு மின்விசிறி. பிறகு கக்கூஸ். ஊர் ஊராக சினிமாக் கொட்டகை எப்படிக் கட்டுகிறார்கள் என்ற புத்தகம் அது. பாடம் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

"இன்னாண்ணா பாத்து வாங்கின?"

"தையல்."

முறைத்தான். புத்தகத்தைப் பிடித்துப் பிய்க்கப் பார்த்தான். முழு பலத்தோடு இழுத்தான். வரவில்லை.

"கெட்டிதாண்ணா" என்றான். சிரித்துவிட்டான். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான்.

இன்றும் அவன் பிள்ளைகள் எப்போதாவது வந்தால், கையிலிருக்கும் புத்தகத்தை என்னிடம் நீட்டுவார்கள்.

"பெரிப்பா, தையல் பாருங்க!"

நன்றாகவே இழுப்பேன். பிய்ந்தால் நானே ஒட்டித் தருவேன். பசை காய இரண்டு நாளாகும் என்று சொல்லிவிடுவேன்.