பதினோராவது விநாடியில் ஒரு பொன்னாடை

என் குரல் ஓர் இசைத்தட்டில் இருக்கிறது. இதைக் கேட்டதும் "அட, நீங்கள் பாடுவீங்களோ?" என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கு, நான் வாயைத் திறக்கும் முன்பே என் மனைவி சுகந்தி பதில் சொல்லிவிடுவாள்: "இவர் பாடேல்ல. பாடின ஆளைக் குழப்பினவர்."

உண்மைதான். மறைக்கவும் முடியாது, இசைத்தட்டு கடையில் விற்கிறது.

ஜெர்மனியின் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. பிர்கிட் அங்கே தாதி. கிழமை நாட்களில் முதியவர்களுக்கு மருந்து கொடுப்பார். சனி ஞாயிறுகளில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் எங்காவது ஒரு மதுக்கடையில் பாடுவார். பாடுவது ஆல்டர்னேட்டிவ் கன்ட்ரி என்ற ஒருவகை இசை. அது என்ன சாமான் என்று ஒருநாள் கேட்டேன்.

"தொப்பி போட்டுக்கொண்டு அழுதால் அது கன்ட்ரி. தொப்பியைக் கழட்டி வைச்சிட்டு அழுதால் அது என்ர பாட்டு" என்றார். (சொன்னது ஜெர்மனில்தான். இத்தனை வருடமாகியும் யார் எதைச் சொன்னாலும் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் நிற்கிறது.)

பிறகொருநாள் கலங்கிய முகத்தோடு சமையலறைக்கு வந்தார். கச்சேரியை அப்படியே நேரடியாகப் பதிவுசெய்து ஓர் ஆல்பம் போடப் போகிறாராம். பக்கத்து ஊரில் ஒரு பழைய தேவாலய மண்டபம், ஞாயிறு பின்னேரம் நாலு மணி. ஒலிப்பதிவுக்காரர் அந்த ஒரு நாள்தான் வருவார். கடைசிப் பாட்டு பிர்கிட்டின் அப்பாவைப் பற்றியது. லொறி ஓட்டிய மனிதர். அந்த வருடம்தான் காலமானார்.

"அந்தப் பாட்டை ஒருக்காத்தான் பாடுவன், தயா. ரெண்டாந்தரம் என்னால ஏலாது. நீங்கள் ரெண்டுபேரும் கட்டாயம் வரவேணும்."

"ஓம்" என்றேன். அதோடு நின்றிருக்கலாம்.

இந்த இடத்தில் என் வியாதியைச் சொல்ல வேண்டும். ஹம் வட்டாரத்துத் தமிழ் விழாக்களுக்கு இருபது வருடமாக நான்தான் அறிவிப்பாளர். அரங்கேற்றமோ பிறந்தநாளோ, மைக் என் கையில்தான். (யாரும் தரவில்லை, நான் விடவில்லை.) எங்கள் விழாவில் ஒரு கலைஞர் பொன்னாடை இல்லாமல் மேடையை விட்டு இறங்கினால் அது எங்களுக்குத்தான் அவமானம். ஆகவே வீட்டு அலுமாரியில் எப்போதும் நாலைந்து பொன்னாடை இருக்கும். அநேகமானவை எனக்குப் போர்த்தப்பட்டவை. அவற்றை நான் இன்னொருவருக்குப் போர்த்துவேன். அவர் வேறொருவருக்குப் போர்த்துவார். ஒரு சிவப்புப் பொன்னாடை மட்டும் ஊரெல்லாம் சுற்றி மூன்று தடவை என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

அந்தச் சிவப்பைத்தான் ஞாயிற்றுக்கிழமை பையில் வைத்தேன். சுகந்தி கண்டுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அது வெள்ளையளின்ர கச்சேரி. பேசாமல் இருந்து கேட்டுட்டு வருவம்."

"இவ்வளவு காலம் பாடின மனிசிக்கு ஒரு மரியாதை வேண்டாமே?"

"மரியாதையை மனசுக்குள்ள வைச்சிருங்கோ."

"மனசைக் கொண்டுபோய்த் தோளில போர்த்தேலுமே?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். வாழ்க்கையில் நான் வென்ற ஒரே வாக்குவாதம் அதுதான். தோற்றிருக்கலாம்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஆனால் அந்த அமைதி! எங்கள் விழாக்களில் பாட்டு ஒருபக்கம், ரோல்ஸ் தின்பது ஒருபக்கம், காணி விலை ஒருபக்கம் என்று எல்லாம் சமமாக நடக்கும். இங்கே இருமலைக்கூடப் பாட்டு முடியும்வரை சேமித்து வைத்திருந்தார்கள்.

கடைசிப் பாட்டு வந்தது. லொறியின் முன் இருக்கை, அதில் தூங்கிப்போகும் சிறுமி, ரேடியோவைக் குறைத்துவிடும் அப்பா. திடீரென்று பிர்கிட் நிறுத்தினார். கிட்டாரும் நின்றது. தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு விநாடி. இரண்டு. ஐந்து. ஒருவரும் கைதட்டவில்லை.

எனக்கு இரத்தம் கொதித்தது. அப்பனை இழந்த மனிசி பாடி முடித்துவிட்டுத் தலை குனிந்து நிற்கிறா, இவர்கள் மரம் மாதிரி இருக்கிறார்களே! எழுந்தேன். சுகந்தி என் கோட்டைப் பிடித்தாள். கோட்டு அவள் கையில் நின்றது, நான் நிற்கவில்லை.

முதலில் கதிரை கிறீச்சிட்டது. அடுத்து பொன்னாடையின் பொலித்தீன் உறை சரசரத்தது. பிறகு மரத்தரையில் என் சப்பாத்து. மேடையேறி, "மொமென்ட், பிட்டே!" என்று ஜெர்மனில் ஒரு நிமிடம் கேட்டு, பொன்னாடையை உதறிப் போர்த்தினேன். ஒரு தலைப்பு கிட்டாரின் முறுக்காணியில் மாட்டியது. மறு தலைப்பின் சரிகை என் கைக்கடிகாரத்தில் சிக்கியது. கிட்டார் 'டொய்ங்' என்றது. பழக்கதோஷம், வாய் மைக்கைத் தேடிப் போய்விட்டது.

"பெருமதிப்புக்குரிய ரசிகப் பெருமக்களே, பலத்த கரகோஷம்!"

தமிழில்.

அந்த மயான அமைதியில் மூன்றாம் வரிசையிலிருந்து சுகந்தியின் குரல் வந்தது: "ஐயோ, பாட்டு இன்னும் முடியேல்லையப்பா!"

பிர்கிட் என்னைப் பார்த்தார். அவருடைய உதடு துடித்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சரணத்தைப் பாடினார். நான் இறங்கியிருப்பேன், கடிகாரம் விடவில்லை. கட்டிப்போட்ட ஆடு மாதிரி பக்கத்திலேயே நின்றேன், சரணம் முடியும்வரை.

திரும்பும் ரயிலில் சுகந்தி என் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரே ஒருதரம் பாடக்கூடிய பாட்டு. அதைச் சப்பாத்துக் காலோடு மிதித்துவிட்டேனே என்று வெட்கத்தில் செத்துப்போனேன்.

மறுநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது பிர்கிட் வந்து கதவைச் சாத்தினார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"தயா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. எனக்குக் கடைசிச் சரணம் மறந்துபோச்சு."

நான் கிழங்கைக் கீழே வைத்தேன்.

"அப்பாவின்ர முகம் வந்து நிண்டுது. ஒரு சொல்லும் வரேல்ல. கிட்டாரை வைச்சிட்டு ஓடத்தான் நினைச்சன். அப்பதான் நீங்கள் அந்தச் சிவப்புத் துணியோட வாறியள். எனக்குச் சிரிப்பு வந்துது. சிரிப்போட சொல்லும் வந்துது."

எதையும் வெட்டாமலே ஆல்பம் வெளிவந்தது. பதினொரு விநாடி மௌனம், கதிரை, பொலித்தீன், நான், சுகந்தி, எல்லாம் துல்லியம். அந்த மௌனம் கலையின் உச்சம் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. என்னைப் பற்றி 'ஒரு நபர்' என்று மட்டும் போட்டது. (பிர்கிட்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற துணிவில்தான் இந்த ரகசியத்தை இங்கே எழுதுகிறேன்.)

சுகந்திக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லி, ஆல்பத்தைக் காப்பாற்றியவனே நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அவ மறந்தது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப பேசாமல் இருங்கோ."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் அவசரப்பட்டாலும் அந்த வசனம்தான். சோறு வேகுமுன் மூடியைத் திறந்தால், டாக்டர் பேச்சின் நடுவே மூச்சு விடும்போது நான் எழுந்தால், "பாட்டு இன்னும் முடியேல்ல."

போன மாதம் பிர்கிட் ஓய்வுபெற்றார். பிரியாவிடையில் மைக் என் கையில். (இம்முறை தந்தார்கள்.) இரண்டு வரி பேசினேன். பிறகு அந்தச் சமையலறைக் கதவில் அவர் இனி வந்து நிற்கமாட்டார் என்பது மனதில் பட்டது. அவ்வளவுதான். இருபது வருட அறிவிப்பாளருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பின்னால் பொலித்தீன் சரசரத்தது. தோளில் ஏதோ விழுந்தது. அதே சிவப்பு, நாலாவது தடவை.

பிர்கிட் மைக்குக்குக் குனிந்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வசனத்தைச் சொன்னார். இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியிருக்க வேண்டும். அச்சொட்டாகச் சுகந்தியின் குரலிலேயே சொன்னார்:

"ஐயோ, பாட்டு இன்னும் முடியேல்லையப்பா!"