மாமனாருக்குக் கரண்டைக் குறைத்தவன்

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை எதை வேண்டுமானாலும் காட்டலாம், படித்த படிப்பை மட்டும் காட்டக் கூடாது. நான் காட்டினேன்.

அறுபதுகளின் கடைசியில், கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் பிரிவில் கதிரின் அளவைக் கணக்குப் போடுகிற வேலை எனக்கு. (ஊரில் 'கரண்டு வைக்கிறவர்' என்பார்கள்.) பல்லடத்தில் பஞ்சு வியாபாரம் செய்த என் மாமனார், நுரையீரலின் பின்பக்கம் கட்டியோடு அங்கேயே வந்து சேர்ந்தார்.

எவ்வளவு நேரம் கதிர் வைப்பது என்று சொல்லும் எங்கள் அட்டவணை, உடம்பு முழுவதும் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு போட்டது. நுரையீரலோ பெரும்பாலும் காற்று. கதிர் அதில் அவ்வளவாகத் தேயாமல் புகுந்து, பின்னால் அதிகமாக விழும்; நல்ல நுரையீரலும் வெந்துபோகும். அதனால் மிஷின் ஓடும் நேரத்தைக் குறைத்தேன். பெரிய டாக்டரும் தலையாட்டினார். அதோடு வாயை மூடியிருக்கலாம். (அந்த வயதில் எவன் மூடினான்?) சில நாள் கழித்து, வராந்தாவில் இருந்த சொந்தபந்தத்திடம், "மாமாவுக்கு மட்டும் கொறச்சிருக்கேன்" என்று பெருமையடித்தேன்.

"ஏனுங்க மாப்பிள்ளை, பக்கத்துப் பெட்டுக்காரருக்கு முழுசா வெச்சுப்போட்டு எங்கப்பனுக்குக் கொறைக்கறீங்களா?" என்று மச்சான் எழுந்தார்.

நர்ஸிடம் பஞ்சு வாங்கி, அதில் டார்ச் அடித்துக் காட்டினேன். "நுரையீரல் இந்த மாதிரிங்க. பாருங்க, வெளிச்சம் அந்தப்பக்கம் போயிருது." பஞ்சுக்காரர்களுக்கே பஞ்சைக் காட்டிய அறிவாளி நான்!

"பஞ்சுன்னா இன்னும் அமுத்தியில்லீங்க அடைக்கோணும்!" என்றார் மச்சான்.

"வெளிச்சமெல்லாம் வெளிய போயிட்டா உள்ள என்னங்க நிக்கும்?" என்று அத்தை அழ ஆரம்பித்தார்.

மச்சான் பெரிய டாக்டரிடம் போய் நின்றார். வம்பு வேண்டாமென்று, அட்டவணைப்படியே வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். நான் மாமனாரிடம் ஓடினேன். "முழுசா வேண்டாம்னு நீங்க சொன்னாப் போதுங்க மாமா."

"நீங்க சொல்றதுதான் செரியா இருக்குமுங்க. ஆனா ஊட்டுல ஒருத்தரு மனசும் நோகக்கூடாதல்லங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முழு நேரமும் வைத்தோம். கட்டி சுருங்கியது. நல்ல நுரையீரல் வெந்துபோய், இருமி இருமி, மூச்சுக்குத் தவித்துப் போய்ச் சேர்ந்தார். ஆரம்பத்தில் நான் குறைத்ததுதான் காரணம் என்பது குடும்பத்தின் தீர்ப்பு.

இன்றும் விருந்தில் நான் இலைமுன் உட்கார்ந்தால், "மாப்பிள்ளைக்கு ரசங்கூடக் கொறச்சு ஊத்துங்க, அவருக்கு அதுதான் புடிக்கும்" என்பார் மச்சான். பந்தியே சிரிக்கும். என் மனைவியும் சிரிப்பாள். மாமா எதனால் போனார் என்று அவளிடம் மட்டும் ஒருமுறை சொன்னேன். நெடுநேரம் அழுதாள். பிறகு, "அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க, தாங்கமாட்டாரு" என்றாள்.

அதனால் நானும் சிரிக்கிறேன்.