மூன்றாம் கேள்விக்கு ஒரு திருத்தம்

என் மனைவியின் ஒரே தம்பியும், வாரம் தவறாமல் வெளிவந்து என் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் பத்திரிகையின் ஆசிரியருமான அன்பு மச்சானுக்கு, அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம் என்று எழுதுவது முறைக்காகத்தான். சுகமில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய், அடுத்தவன் நிம்மதியைக் கெடுக்கிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதி நீ போன வருஷம் அச்சடித்தாயே, 'துப்பாக்கி வைத்திருப்பவருக்கு ஐந்து கேள்விகள்' என்ற கட்டுரை, அதை நம் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டர் படித்துத் தொலைத்திருக்கிறார். படித்ததோடு விட்டாரா? உரிமம் வைத்திருக்கிற எல்லாரும் வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் துப்பாக்கியோடு நேரில் வந்து அந்த ஐந்து கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், தவறினால் உரிமம் ரத்து, துப்பாக்கி பறிமுதல் என்று வீட்டுக்கு வீடு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நோட்டீஸின் அடியில் 'கேள்விகள்: ஓய்வு பெற்ற ஆயுதக் கிடங்குக் காவலர் ஒருவரின் கட்டுரையிலிருந்து' என்று நன்றி வேறு. முதல் கேள்வி, உரிமத்தை எடுத்துக் காட்டு. சரி. இரண்டாவது, துப்பாக்கியை எடுத்துக் காட்டு. சரி. மூன்றாவது, உன் போல்ட் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது, யோசிக்காமல் சொல். மச்சான், எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குப் புதன்கிழமை.

போல்ட் என்றால் உனக்குத் தெரியாது, நீ காகிதத்தோடு வாழ்கிறவன். ஒரு சாண் நீளத்துக்கு ஓர் இரும்பு. அதைத் தள்ளிப் பூட்டினால்தான் துப்பாக்கி துப்பாக்கி, இல்லையென்றால் அது கொடி கட்டுகிற கொம்பு. ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆயுதக் கிடங்கில் இருந்தேன். அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: துப்பாக்கி ஓர் இடம், போல்ட் வேறிடம், இரண்டுக்கும் ஒரே ஆள் பொறுப்பில்லை, எது உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் பதிவேட்டில் கையெழுத்து. அந்தப் பழக்கத்தைத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். கத்தரிக்கோல், டார்ச் லைட், சுத்தியல், குடை எல்லாவற்றுக்கும் பதிவேடு. குடை எடுக்கக் கையெழுத்துக் கேட்டேன் என்பதற்காக உன் அக்கா ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டே கடைக்குப் போய்வந்தாளே, நினைவிருக்கிறதா? இருபத்திரண்டு வருஷத்தில் என் கிடங்கிலிருந்து ஒரு ஸ்க்ரூ காணாமல் போனதில்லை. அப்பேர்ப்பட்டவன் வீட்டில் போல்ட் காணோம்.

தேடாத இடமில்லை. மாவு டப்பாவில் கை விட்டேன், முழங்கை வரைக்கும் வெள்ளை. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தேன், அப்புறம் நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை, அதற்கும் நான்தான் திட்டு வாங்கினேன். மெத்தையின் தையலைப் பிரித்துப் பார்த்தேன், அதில் உன் அக்கா பத்து வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த மூக்குத்தித் திருகு கிடைத்தது, அதற்காவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னாளா? நீ எங்கேயாவது பார்த்தாயா என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "பாத்தேனா இல்லையான்னு நான் சொல்லக் கூடாது" என்கிறாள். சரி, பதிவேட்டையாவது கொடு, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "அது என்கிட்டதான் இருக்கு, தர மாட்டேன்." ஏன் என்றால், "உத்தரவு." யாருடைய உத்தரவு? "மேலிடத்து உத்தரவு." சொல்லிவிட்டுக் கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குடைக்குப் பழி வாங்குகிறாள் மச்சான். உங்கள் குடும்பமே அப்படித்தான், எதையும் மறக்காது.

அடுத்ததாக எனக்குச் சந்தேகம் விழுந்தது மாடியில் குடியிருக்கும் தையல்காரர் மேல். ஆள் பிடுங்குவோம் கட்சி. (என் கணக்கில் நாட்டில் இரண்டே கட்சிதான். வீட்டுக்கு வீடு துப்பாக்கி கொடுப்போம் என்பது ஒன்று, எல்லாவற்றையும் பிடுங்குவோம் என்பது இன்னொன்று. கொடுப்போம் தலைவர் துப்பாக்கியோடு நிற்கிற சுவரொட்டியைப் பார்த்தாயா? விரல் விசையில், குழல் நேரே பக்கத்தில் நிற்கிற தொண்டனின் காதில். பிடுங்குவோம் தலைவரோ துப்பாக்கியே கூடாது என்று பேச வருகிறார், முன்னால் இரண்டு துப்பாக்கிக்காரர், பின்னால் இரண்டு துப்பாக்கிக்காரர். இரண்டு பேரையும் என் கிடங்கில் ஒரு வாரம் நிறுத்தி எண்ணெய் போடச் சொன்னால் அரசியலே வேறு மாதிரி ஆகியிருக்கும்.) மாடிக்குப் போனேன். மெஷின் மேல் கட்சிக் கொடி, பக்கத்தில் துணி சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. பிரித்தால் திரைச்சீலைக் கம்பி. தையல்காரர் நிதானமாக, "போன மாசமும் வந்து இதையேதான் சார் பிரிச்சீங்க" என்கிறார்.

"நானா? நான் எப்பய்யா வந்தேன்?"

"வந்தீங்களே. போல்ட் காணோம்னு வந்தீங்க. உக்காந்து டீ குடிச்சீங்க. அப்படியே பேன்ட்டுக்கு அளவு குடுத்துட்டுப் போனீங்க. தச்சு ரெடியா இருக்கு, இந்தாங்க."

பார் மச்சான் திட்டத்தை! எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரை நம்பவைக்கப் பார்க்கிறார்கள். படை வீரனுக்கே மறதி, அவன் கையில் துப்பாக்கியா என்று நாளைக்கு மேடையில் பேச வசதியாக இருக்குமில்லையா? அந்த பேன்ட்டைப் போட்டுப் பார்த்தேன். இடுப்பு, நீளம் எல்லாம் கச்சிதம். அளவு எடுக்காமலே இவ்வளவு கச்சிதமாகத் தைக்கிறான் என்றால் ஆறு வருஷமாக மாடியிலிருந்து என்னை எவ்வளவு கூர்ந்து வேவு பார்த்திருப்பான், நீயே யோசி.

சரி, நம்ம ஆளிடம் போவோம் என்று குண்டூசியைப் பார்க்கப் போனேன். உனக்குத் தெரியும், என்னோடு ராணுவத்தில் இருந்தவன், ஒல்லி, இப்போது துப்பாக்கி வைத்திருப்போர் சங்கத்துக்குச் செயலாளர், அசல் கொடுப்போம். அவன் சிரிக்கிறான். "இதுக்கா இப்படி வேர்த்துக்கிட்டு வந்தே? என்கிட்ட பழைய போல்ட் ஒண்ணு கிடக்கு. சொருகிக்கிட்டுப் போ. அந்த இன்ஸ்பெக்டருக்கு என்ன தெரியும்? ஞாயித்துக்கிழமை நம்ம கூட்டத்துல நீதான் பேசணும். பழகின கை தப்பு பண்ணாதுன்னு நீ சொன்னாத்தான் எடுபடும்." எனக்கு வந்ததே கோபம். ஆயுதத்தின் விஷயத்தில் பொய் சொல்கிறவனிடம் ஊசி வெடி கூட இருக்கக் கூடாதுடா என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். முப்பது வருஷச் சிநேகிதம். வரும் வழியில் செருப்பு வேறு அறுந்தது, வெறுங்காலோடு வந்தேன்.

இப்போது என் கொள்கையைக் கேட்டுக்கொள். பதினொரு வருஷமாக நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கத்தியிருக்கிறோம், சாப்பிடுகிற இடத்திலெல்லாம் சண்டை போட்டிருக்கிறோம். எல்லாத் துப்பாக்கியையும் வாங்கி உருக்க வேண்டும் என்கிறாய். நான் கொடுப்போமும் இல்லை, பிடுங்குவோமும் இல்லை. மழையில் நனைந்து, சேற்றில் படுத்து, அதைத் தோளில் சுமந்து வலி கண்டவன் ஒருத்தன் இருப்பான், இறக்கி வைத்தால் போதும் என்று நினைக்கிறவன், அவன் கையில் இருந்தால் குற்றமில்லை. ஆசைப்பட்டுக் கேட்கிறவனுக்குத்தான் கொடுக்கக் கூடாது. நான் ஆசைப்பட்டு வைத்திருக்கவில்லை. அது அலமாரியில் இருக்கிறவரைக்கும் நான் பழைய ஆள், அவ்வளவுதான். நாலு பேர் நம்பி ஒரு பொருளைக் கொடுத்து வைக்கலாம் என்கிற ஆள். அதுவும் போய்விட்டால் வீட்டில் நான் யார்? குடைக்குக் கையெழுத்து வாங்குகிறவன். வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றால் நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் எதற்கு நடந்தோம் என்று நிற்கத் தோன்றுகிறது. இந்தக் கடிதத்தையே நாலு தடவை எழுந்து போய்விட்டு வந்து எழுதுகிறேன், அலமாரியை மறுபடியும் பார்த்துவிட்டு.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று, இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் உன் பத்திரிகை வருகிறதல்லவா, அதில் ஒரு திருத்தம் போடு. 'ஐந்து கேள்விகள் கட்டுரையில் மூன்றாம் கேள்வி அச்சகத்தின் கவனக்குறைவால் சேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்' என்று நாலு வரி. நீ வருந்தினால் குறைந்தா போய்விடுவாய்? உன் பத்திரிகையில் வாராவாரம் பிழை வருகிறது, இந்தப் பிழை உண்மையில் இல்லாத பிழை என்பது மட்டும்தான் வித்தியாசம். அக்கா புருஷன் மானம் உன் கையில்.

உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் நீண்ட ஆயுளும், உன் அச்சு மெஷினுக்கு நல்ல புத்தியும் உண்டாகட்டும். பிள்ளைகளைத் தலையில் தொட்டு ஆசீர்வதித்ததாகச் சொல். இதை உன் அக்கா கையிலேயே கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன், எனக்குச் செருப்பில்லை.

இப்படிக்கு,
எதையும் தொலைக்காத உன் அத்தான்

பின்குறிப்பு: இன்றைக்குச் சனிக்கிழமை. இந்தக் கடிதத்தை உன் அக்கா தபாலில் போடவேயில்லை. நேற்று மாலை வரைக்கும் அவள் கைப்பைக்குள்தான் இருந்திருக்கிறது, வேறு இரண்டு பொருளோடு. நேற்று நான் தையல்காரர் தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, போல்ட் இல்லாத துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நானும் வருகிறேன் என்று உன் அக்காவும் கூடவே வந்தாள். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார், முதல் இரண்டு கேள்வியைக் கேட்டார், மூன்றாவதைக் கேட்டார். "தெரியாது" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சோதனையில் அந்த வார்த்தையைச் சொன்னேன், மச்சான். பின்னாலிருந்து உன் அக்கா, "என்கிட்ட இருக்கு" என்றாள். கைப்பையைத் திறந்து, என் பழைய காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்த போல்ட்டை மேஜை மேல் வைத்தாள், பக்கத்தில் பதிவேட்டையும் வைத்தாள், பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். என் கையெழுத்து. இன்ஸ்பெக்டர் முதல் வரியைச் சத்தமாகப் படித்தார், அப்புறம் வாய்க்குள் படித்தார். உனக்கு அப்படியே எழுதுகிறேன், எட்டு மாதத்துக்கு முந்தின தேதி:

'போல்ட், ஒன்று. வெளியே. பெற்றுக்கொண்டவர்: என் மனைவி. காரணம்: இன்று காலை மொட்டைமாடியில் யாரோ நடமாடுவதைப் பார்த்து, குண்டு போட்டுக் குறி வைத்தேன். அது நம் தையல்காரர், சட்டை காயப்போட வந்திருந்தார். ஆறு வருஷம் நம் வீட்டில் குடியிருக்கிறவர். இரண்டு நிமிஷம் எனக்கு அவர் யார் என்று தெரியவில்லை. உத்தரவு: நான் கேட்டாலும் இதைத் திருப்பித் தரக் கூடாது. திட்டினாலும் தரக் கூடாது. கொடுத்ததே நினைவில்லை என்று நான் சொன்னால், கண்டிப்பாகத் தரக் கூடாது. எங்கே இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது.'

அதை எழுதியது நான். சத்தியமாக ஒரு வரிகூட நினைவில்லை. இந்த எட்டு மாதத்தில் ஐந்தாவது தடவையாகத் தேடுகிறேனாம். அத்தனை தடவையும் அவள் திட்டு வாங்கிக்கொண்டு உத்தரவுப்படி நின்றிருக்கிறாள். என் கிடங்கில் அப்படி ஒரு காவலாள் இருந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். "ஐயா, மூணாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் கேட்டதில்லை. பொருள் பத்திரமா இருக்கு. உரிமத்தைப் புதுப்பிச்சுத் தரேன்" என்றார். வேண்டாம் என்றேன். துப்பாக்கியையும் போல்ட்டையும் ஒன்றாக அவர் மேஜையிலேயே வைத்தேன், எட்டு மாதத்துக்கு அப்புறம் இரண்டும் ஓர் இடத்தில் இருந்தது நேற்றுத்தான். நீ ஜெயித்துவிட்டதாகக் குதிக்காதே. நான் பிடுங்குவோம் கட்சியில் சேரவில்லை, என்னிடம் யாரும் பிடுங்கவில்லை, நான் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வர மாட்டேன் என்று குண்டூசிக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். இனிமேல் தையல்காரர் டீ கொடுத்தால் குடித்துக்கொள்வேன்.

ஆகையால் மேலே எழுதியது எதுவும் வேண்டாம். திருத்தம் போடாதே. மூன்றாம் கேள்வி அப்படியே இருக்கட்டும், கூடவே ஆறாவதாக ஒன்றைச் சேர்த்துப் போடு: 'நாளைக்கு உனக்கு நீயே ஆபத்தானால், உன் போல்ட்டை யாரிடம் கொடுத்து வைப்பாய்?' அப்படி ஓர் ஆளின் பேரைச் சொல்ல முடியாதவனுக்குத் துப்பாக்கி கிடையாது. இது கொடுப்போமுக்கும் பிடிக்காது, பிடுங்குவோமுக்கும் பிடிக்காது, அதனால் சரியாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா பதிவேட்டை நீட்டினாள். 'துப்பாக்கி ஒன்று, போல்ட் ஒன்று, வெளியே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதி என்ன என்று கேட்டேன். சொன்னாள். எழுதப் போகும்போது மறுபடியும் கேட்டேன். முதல் தடவை கேட்கிற மாதிரியே மறுபடியும் சொன்னாள்.